பந்தை அடுத்தவர் கையில் சேர்த்தவர்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், கல்லூரியின் முன்னாள் வலைப்பந்தாட்ட அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

நூற்றாண்டு விழாவில் விளையாட்டைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் எங்களிடம் கேட்டபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் கல்லூரியின் கல்விப் பெறுபேறுகளைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். சங்கீதத்தையும் நாடகத்தையும் பற்றிப் பேசவும் ஆட்கள் உண்டு. நாங்களோ மாலை மூன்றரை மணிக்குப் பிறகு புழுதி படிந்த காலோடு வீட்டுக்குப் போனவர்கள். எங்கள் பழங்கதையைத் தொடங்கினால் இந்த மண்டபத்தில் விடிந்துவிடும். ஆகவே வேறொரு பெண்ணின் கதையைச் சொல்லத் தீர்மானித்தோம். அதைச் சொல்லி முடித்தபின் எங்கள் கதைக்கும் சற்று வருவோம்.

அவருடைய பெயர் டோன் ஸ்ரேலி. ஐக்கிய அமெரிக்காவின் கூடைப்பந்தாட்ட வீராங்கனை. பின்னர் பயிற்றுநர். இன்றும் பயிற்றுநர்.

கூடைப்பந்தாட்டம் நமக்கு அந்நியமான ஆட்டமல்ல. 1891இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக்கூடைகளை மாடத்தின் கைப்பிடியில் மாட்டி அந்த ஆட்டத்தைத் தொடக்கினார். அது இங்கிலாந்துக்குப் போய், பெண்களுக்கென்று மாற்றப்பட்டு, நெற்போல் என்று நம் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே நாம் ஆடிய வலைப்பந்தாட்டமும் அவர் ஆடிய கூடைப்பந்தாட்டமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாம் பந்தோடு ஓடக்கூடாது. அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். நம்மிடையே இருவர் மட்டுமே வளையத்துக்குப் பந்தை எய்யலாம்; அவர்களில் ஐவரும் எய்யலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போவது எல்லோருக்கும் விளங்கும்.

டோன் ஸ்ரேலி 1970ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி பிலடெல்பியா நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. நகரின் வட பகுதியில், ரேமன்ட் ரோசன் என்ற அரசாங்கத் தொடர்மாடிக் குடியிருப்பில் வளர்ந்தார். வசதி குறைந்த கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த இடம் அது. தாயார் எஸ்ரெல், தென் கரோலினா மாநிலத்திலிருந்து பிலடெல்பியாவுக்கு வந்தவர். கண்டிப்பானவர், கடவுள் பக்தி மிக்கவர். அண்ணன்மாரோடும் அயலிலுள்ள பையன்களோடுமே அந்தச் சிறுமி பந்து பழகினாள். பையன்கள் ஆடும் இடத்தில் ஒரு பெண்பிள்ளை இடம்பிடிப்பது எப்படியிருக்கும் என்பதை இங்கிருப்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1972இல், அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்பது அச்சட்டம். விளையாட்டு என்ற சொல்லே அதன் அந்த வாசகத்தில் இல்லை. ஆனாலும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்களுக்கு அணிகளும் பயிற்றுநர்களும் புலமைப்பரிசில்களும் வந்ததற்கு அதுவே வழி திறந்தது. திறமை மட்டும் போதாது, அது போய் நிற்க ஒரு களமும் வேண்டும். அவர் வளர்ந்து வந்தபோது களமும் கூடவே வளர்ந்துகொண்டிருந்தது.

டொபின்ஸ் என்ற உயர்நிலைப் பாடசாலையில் படிக்கும்போதே நாட்டின் சிறந்த பாடசாலை வீராங்கனை என்ற பெயர் பெற்றார். 1988இல் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய உயரம் 5 அடி 6 அங்குலம். நம்மூரில் அது நல்ல உயரம். ஆறு அடிக்கு மேற்பட்டவர்கள் மோதும் அந்த ஆட்டத்தில் அவர் குள்ளம். ஆகவே அவர் ஆடிய இடம் 'பொயின்ற் கார்ட்'. எங்கள் ஆட்டத்தின் சென்ரருக்கு ஒப்பான இடம் அது. பந்தை முன்னால் கொண்டுவருவதும், யார் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பதும், சரியான கையில் சரியான நேரத்தில் பந்தைச் சேர்ப்பதுமே அவரது முதல் வேலை. எங்களில் சென்ரராக ஆடியவர்களுக்குத் தெரியும்: பந்து வளையத்துக்குள் விழுந்ததும் கூட்டம் எய்தவளின் பெயரைத்தான் சொல்லிக் கத்தும்.

வேர்ஜினியாவில் படித்த காலத்தில் அவரது அணி 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. மூன்று முறையும் கிண்ணம் கிடைக்கவில்லை. 1991 இறுதிப்போட்டியில் ரெனிசி அணியோடு ஆட்டம் சமநிலையில் முடிந்து, மேலதிக நேரத்தில் 67க்கு 70 என்று தோற்றார்கள். அந்தச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரி என்ற விருது, தோற்ற அணியிலிருந்த டோன் ஸ்ரேலிக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு அரையிறுதியில் ஸ்ரான்போர்ட் அணியிடம் ஒரேயொரு புள்ளியால் தோற்றார்கள். நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனையாக இருமுறை தெரிவான ஒருவருக்குக் கல்லூரிக் கிண்ணம் மட்டும் கைக்கு எட்டாமலே போய்விட்டது.

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் அணித் தெரிவுக்குப் போனார். தெரிவு செய்யப்படவில்லை. அக்காலத்தில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று நிலைத்த தொழில்முறைப் போட்டி எதுவும் இருக்கவில்லை. பட்டம் பெற்றுக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும், அல்லது ஆட்டத்துக்காக நாட்டை விட்டுப் போக வேண்டும். அவர் போனார். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று மொழி தெரியாத நாடுகளில் ஆடினார். பிழைப்புக்காகப் பிறநாடு போய், அங்கே தனி அறையில் இருந்து வீட்டை நினைத்துக்கொண்டிருந்த அனுபவம் இங்கிருப்போரில் பலருக்கு உண்டு.

அவர் மணிக்கட்டில் ஒரு றப்பர் வளையம் போட்டுக்கொண்டு ஆடுவார். பந்தைத் தவறவிட்டால் அதை இழுத்துத் தன் கையிலே சுண்டிக்கொள்வார். பிறரைக் குறை சொல்வதற்கு முன் தன் பிழையைத் தானே உணர வேண்டும் என்பதற்காகச் செய்த பழக்கம் அது.

1996இல் நிலைமை மாறியது. அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கப் பெண்கள் அணியை முன்கூட்டியே தெரிந்து, பல நாடுகளுக்கும் அனுப்பிப் பழக்கினார்கள். அந்தப் பயிற்சிச் சுற்றில் 52 ஆட்டங்களில் 52ஐயும் வென்றார்கள். ஒலிம்பிக்கில் எட்டுக்கு எட்டு. இறுதியில் பிரேசிலை 111க்கு 87 என்று வென்று தங்கம் பெற்றார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் விடுபட்டவர் அந்த அணியில் இருந்தார். பின்னர் 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் மீண்டும் தங்கம். ஏதென்ஸில் தொடக்க விழா அணிவகுப்பில் தம் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே.

அந்த அட்லாண்டா வெற்றியைத் தொடர்ந்து அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின. முதலில் ஆடிய அமைப்பு 1998இன் இறுதியில் பணமின்றி இடைநடுவில் மூடப்பட்டது. 1999இல் மற்ற அமைப்பான டபிள்யூ.என்.பி.ஏ.யின் சார்லற் ஸ்ரிங் அணியில் சேர்ந்தார். 2001இல் அந்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார், அங்கும் தோல்விதான். பின் ஹூஸ்ரன் கொமெற்ஸ் அணியில் ஆடி, 2006இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு நல்ல வீராங்கனை என்று சொல்லி நாங்கள் இருக்கையில் அமர்ந்திருப்போம். இன்று அவரை நாங்கள் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது.

பயிற்றுநராக வேண்டும் என்ற எண்ணமே தமக்கு இருந்ததில்லை என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். 2000ஆம் ஆண்டில், அவர் பிறந்த அதே பிலடெல்பியாவிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே பெண்கள் அணி நலிந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த உம்மால் முடியுமா என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை அவரால் தட்ட முடியவில்லை. அப்போது அவருக்கு 30 வயது. ஆட்டத்தை விட்டுவிட்டு வரவில்லை. கோடையில் தொழில்முறை அணியில் ஆடினார். மாரியில் ரெம்பிள் மாணவியரைப் பயிற்றினார். இடையில் ஒலிம்பிக்குகளும் வந்து போயின. எட்டு ஆண்டுகளில் அந்த அணி 172 ஆட்டங்களை வென்று, ஆறு முறை தேசியச் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

இங்கே ஒரு விடயத்தை நாம் கவனிக்க வேண்டும். தம் ஆட்டம் முடிந்து, கால் ஓய்ந்து, வேறு வேலை இல்லாதபோது அவர் பயிற்றுநராகவில்லை. தாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி, பின்னால் வருகிறவர்களுக்குப் பந்தைக் கொடுத்தார். அவருக்கு அது புதிய வேலையாகத் தெரிந்திருக்காது. சிறு வயதிலிருந்து அவர் ஆடிய இடமே அதுதானே!

2008இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தாயார் விட்டுவந்த மாநிலத்துக்கு மகள் பயிற்றுநராகத் திரும்பினார். முதல் ஆண்டு 10 வெற்றி, 18 தோல்வி. பொறுத்திருந்தார்கள். 2014இல் அதே ஊரான கொலம்பியாவைச் சேர்ந்த ஏஜா வில்சன் என்ற மாணவி அணியில் சேர்ந்தார். 2015இல் கடைசி நான்கு அணிகளுள் வந்தார்கள். 2017இல், இறுதிப்போட்டியில் மிசிசிப்பி அரச பல்கலைக்கழக அணியை 67க்கு 55 என்று வென்றார்கள். மாணவியாக மூன்று முறை தவறிய கிண்ணம், கால் நூற்றாண்டு கழித்துப் பயிற்றுநராகக் கையில் வந்தது. தாயார் அதைக் காண உயிரோடு இருந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார்.

அதன்பின் 2022இல் கனெரிகட் அணியை வென்று இரண்டாவது கிண்ணம். இரண்டு கிண்ணங்கள் வென்ற முதற் கறுப்பினப் பயிற்றுநர், ஆண் பெண் இருபாலாரிலும் அவரே. 2023இல் 36 ஆட்டங்களை ஒரு தோல்வியுமின்றி வென்று, அரையிறுதியில் அயோவா அணியிடம் தோற்றார்கள். அந்த ஆண்டோடு தொடக்க ஐவரும் அணியை விட்டுப் போனார்கள். இனி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த ஆண்டே, 2024இல், புதிய ஐவரோடு 38 ஆட்டங்களில் 38ஐயும் வென்று, இறுதியில் அதே அயோவாவை 87க்கு 75 என்று தோற்கடித்தார்கள். அந்த இறுதிப்போட்டியில், வாங்கிலிருந்து எழுந்து வந்து ஆடிய மாற்று வீராங்கனைகள் மட்டும் 37 புள்ளிகள் சேர்த்தார்கள். எதிரணியின் மாற்று வீராங்கனைகள் சேர்த்தது ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கை வாசித்தபோது எங்களுக்கு நம் கல்லூரி வாங்குதான் நினைவுக்கு வந்தது. ஏழு பேர் களத்தில், மற்றவர்கள் வாங்கில். இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பதும், தண்ணீர்ப் போத்தல் நிரப்புவதும், சாமான் காப்பதும் அவர்களுடைய வேலை. ஆண்டு முழுவதும் பழகி, ஒரு நிமிடமும் ஆடாமல் பாடசாலையை விட்டுப் போனவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களில் சிலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறோம்.

2021இல் ரோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் டோன் ஸ்ரேலி தலைமைப் பயிற்றுநராக அமெரிக்க அணியை வழிநடத்தி, இறுதியில் ஜப்பானை 90க்கு 75 என்று வென்று தங்கம் பெற்றுக் கொடுத்தார். அதே ஆண்டு பல்கலைக்கழகம் அவரோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்தது. மொத்தம் 2 கோடியே 24 இலட்சம் டொலர். பெண்கள் அணியைப் பயிற்றுவிப்பதும் ஆண்கள் அணியைப் பயிற்றுவிப்பதும் ஒரே வேலைதான், அதற்கு ஒரே மதிப்பு வேண்டும் என்பதை அவர் கூச்சமின்றிப் பேசி வந்திருக்கிறார். தேவையுள்ள பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்துகள் வழங்கும் அமைப்பொன்றையும் நடத்துகிறார். ஒரே சோடிக் கன்வஸ் சப்பாத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டு ஆடிய எங்களுக்கு, கிண்ணங்களைவிட அந்தச் செய்தி மனதைத் தொட்டது.

இனி அந்த வலைத்துண்டின் கதை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் கிண்ணம் வென்றவர்கள் ஏணி வைத்து ஏறி, வளையத்தில் தொங்கும் வலையைக் கத்தரித்து எடுப்பது வழக்கம். 1999இல் பேர்டியூப் பல்கலைக்கழக அணியோடு அக்கிண்ணத்தை வென்றவர் கரோலின் பெக். அதை வென்ற முதற் கறுப்பினப் பெண் பயிற்றுநர் அவர். தம்மிடமிருந்த வலையில் ஒரு துண்டை அவர் டோன் ஸ்ரேலியிடம் கொடுத்து வைத்தார், நீரும் ஒருநாள் வெல்லும்போது உம்முடைய பங்கைச் செய்யும் என்று. 2017இல் அந்த நாள் வந்தது. கரோலின் பெக்குக்குப் பின் அக்கிண்ணத்தை வென்ற இரண்டாவது கறுப்பினப் பெண் பயிற்றுநர் டோன் ஸ்ரேலி. 2021இல் அவர் தமது வெற்றி வலையைத் துண்டு துண்டாக வெட்டி, முதற் பிரிவுக் கல்லூரிகளில் தலைமைப் பயிற்றுநராக இருந்த கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 70 பேருக்குத் தபாலில் அனுப்பினார்.

அந்த வலையைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருக்கலாம். அதற்கான தகுதி அவருக்கு இருந்தது. அவர் வெட்டிக் கொடுத்தார்.

அன்பான சகோதரிகளே, இனி எங்கள் கதை. நீண்டதல்ல.

நாங்கள் ஆடிய காலத்தில் எங்களுக்கென்று பயிற்றுநர் இருக்கவில்லை. பொறுப்பாசிரியை இருந்தார். அன்புக்குரியவர், ஆனால் அவர் கணிதம் படிப்பித்தவர், நெற்போல் ஆடியவரல்லர். விதிகளைப் புத்தகத்தில் பார்த்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். மூத்த அக்காமார் பழக்கியதை வைத்து நாங்கள் ஆடினோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் வீட்டில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. "சோதனை முடியட்டும், பிறகு விளையாடலாம்" என்றார்கள். சோதனை முடிந்தது. பிறகு உயர்தரம், பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள். பலருக்கு இடப்பெயர்வும் புலம்பெயர்வும். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. எங்கள் அணியில் ஒருவர்கூட அதன்பின் பந்தைக் கையால் தொடவில்லை. எங்களைப் பயிற்ற ஒருவரும் இல்லை என்று அன்று குறைப்பட்டவர்கள் நாங்கள். இன்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, இந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த 'ஒருவரும் இல்லை' நாங்களாகவே இருந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பெண்பிள்ளைகள் பதினைந்து வயதை அடைந்தபோது, அதே வசனத்தை நாங்களும் சொன்னோம். "சோதனை முடியட்டும்." சொல்லும்போது எங்கள் தாய்மாரின் குரல் எங்களுக்கே கேட்டது. ஆனாலும் சொன்னோம். படிப்பு முக்கியமில்லை என்று நாங்கள் இங்கு சொல்ல வரவில்லை. டோன் ஸ்ரேலியும் பட்டதாரிதான். வாரத்தில் இரண்டு மாலைகள் ஓடி விளையாடியதால் சோதனையில் தவறிய பிள்ளையை எங்களுக்குத் தெரியாது. விளையாட்டை நிறுத்தியதால் வாடிப்போன பிள்ளைகளைத் தெரியும்.

நூற்றாண்டை முன்னிட்டு உங்கள் எல்லோரின் நன்கொடையால் புதிய ஆடுகளம் அமைந்திருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் கொழும்பிலும் இருந்து பணம் அனுப்பிய ஒவ்வொருவருக்கும் நன்றி. சென்ற கிழமை நாங்கள் அங்கே போய்ப் பார்த்தோம். சீமெந்துத் தளம், புதுக் கோடுகள், புது வளையங்கள், வெள்ளை வெளேரென்ற வலைகள். மாலை நாலு மணி. பந்தும் இருந்தது. எட்டுப் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். பழக்குவதற்கு ஆளில்லை. ஒரு சின்னப் பிள்ளை எங்களிடம் ஓடிவந்து, "அன்ரி, உங்களுக்கு நெற்போல் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்று சொல்ல எங்களுக்குச் சற்று நேரம் எடுத்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தையும் நம் மைதானத்தையும் நாங்கள் ஒப்பிடவில்லை. அவர்களிடம் 18 ஆயிரம் பேர் இருக்கக்கூடிய அரங்கம் இருக்கிறது. நம்மிடம் ஒரு வேப்பமர நிழல் இருக்கிறது. ஆனால் ரெம்பிள் பல்கலைக்கழகம் அவரிடம் கேட்ட கேள்வியும் அந்தப் பிள்ளை எங்களிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுதான் என்று எங்களுக்குப் பட்டது.

ஆகவே எங்கள் அணியினர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஊரில் இருக்கும் நாங்கள் ஐந்து பேரும் கிழமைக்கு ஒருவராக, ஆளுக்கு ஒரு மாலை, மைதானத்துக்கு வருவோம். முழங்கால் நோகிறது. ஓட முடியாது. விசில் ஊத முடியும். எங்கே நிற்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்ல முடியும். மாறிப்போன விதிகளை முதலில் நாங்கள் படித்துக்கொள்வோம். வாங்கில் இருக்கும் பிள்ளைகளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் இறக்குவோம். இது எங்கள் வாக்கு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் சகோதரிகளே, கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் போக ஒதுக்கும் நாட்களில் ஒரு மாலையை எங்களுக்குத் தாருங்கள். நீச்சல், சதுரங்கம், மெய்வல்லுநர் என்று உங்களுக்குத் தெரிந்தது எதுவானாலும் சரி. நீங்கள் அனுப்பிய பணத்தில் களம் வந்துவிட்டது. களத்தில் நிற்க ஆள் வேண்டும்.

அடுத்த கிழமை திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு நாங்கள் தொடங்குகிறோம். அந்தச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது. இனி வராமல் இருக்க முடியாது.